தகரம், துத்தநாகம், பிளாஸ்டிக்: பொம்மை விமானங்களின் கதை

மனிதன் விமானத்தில் பறப்பதற்கு முன்பே பொம்மை விமானம் பறந்துவிட்டது. இதைச் சொன்னால் நண்பர்கள் பலர் நம்புவதில்லை. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் நகரின் துய்லரி பூங்காவில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு சின்ன மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். அதில் இயந்திரம் எதுவும் இல்லை. முறுக்கிவிட்ட ரப்பர் நாடா அவிழும்போது பின்னால் இருக்கும் விசிறி சுழலும், அவ்வளவுதான். 11 விநாடியில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் போயிற்று. பெனோவுக்கு அப்போது வயது 21. மனிதன் ஏறிப் போகும் விமானம் ஒன்றுக்கும் பிறகு திட்டம் வரைந்தார், பண உதவி கிடைக்கவில்லை. 1880இல், 30 வயதில், தற்கொலை செய்துகொண்டார்.

அவர் செய்த ரப்பர் நாடா பொம்மைகளில் மேலே எழும்பும் ஹெலிகாப்டர் ஒன்றும் உண்டு. அந்த மாதிரியில் தக்கை, மூங்கில், காகிதம் கொண்டு செய்த ஒரு பொம்மையை 1878இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரண்டு பையன்களுக்கு வாங்கி வந்தார். பெரியவனுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. அவர்கள் அதை உடையும் வரை விளையாடிவிட்டு, பிறகு தாங்களாகவே அதுபோல் செய்து பார்த்தார்கள். அந்தப் பையன்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். விமானத்தின் மீது தங்களுக்கு ஆசை வந்தது அந்தப் பொம்மையால்தான் என்று பிற்காலத்தில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1903 டிசம்பர் 17 அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

நான் பொம்மை விமானங்களைச் சேகரிக்கிறவன். ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். இப்போது 38 விமானங்கள் இருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாங்கக்கூடியவை மட்டும்தான், ஆகவே பெரும்பாலும் அடிபட்டவை. சில எங்கள் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தவை. சில, பாரிஸ் புறநகரில் இருக்கும் உறவினர்கள் அங்கே 'வித் கிரெனியே' என்று சொல்லும் தெருச் சந்தைகளில் வாங்கி அனுப்பியவை. பரண் காலி செய்தல் என்று அதற்குப் பொருள். வீட்டில் வேண்டாத சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொம்மையோடு விளையாடுவதே இல்லை, எல்லாம் செல்போன்' என்று என் வயதுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அலுவலகத்தில் கோப்புகளோடு 35 வருடம் இருந்தவன் நான். யாராவது புகார் சொன்னால் பழைய கோப்பை எடுத்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. பொம்மை விமானத்தின் கோப்பைப் புரட்டினால், பொம்மை மாறியதில் பிள்ளைகளின் பங்கு மிகக் கொஞ்சம். எந்த உலோகம் மலிவாகக் கிடைத்தது, எந்த ஆலை யுத்தத்துக்குப் போயிற்று, எந்தக் கம்பெனி திவாலாயிற்று, என்ன சட்டம் வந்தது என்பவைதான் அந்தக் கோப்பு முழுவதும் இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன்.

தகரத்தின் காலம்

முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் உலகத்துக்கே பொம்மை அனுப்பிய நாடு ஜெர்மனி. நூரம்பர்க் நகரில் தகரப் பொம்மைப் பட்டறைகள் ஏராளம். வேலை முறை எளிது. தட்டையான தகரத்தின் மேல் முதலில் படத்தை வண்ணத்தில் அச்சடித்துவிடுவார்கள். ஜன்னல், கதவு, விமானியின் முகம் எல்லாம் அச்சிலேயே வந்துவிடும். பிறகு அச்சு வைத்து வெட்டி, வளைத்து, ஒரு துண்டில் இருக்கும் நாக்கை இன்னொரு துண்டின் துளையில் நுழைத்து மடக்கிவிடுவார்கள். உள்ளே கடிகாரம் போல ஒரு சுருள் வில். சாவி கொடுத்தால் விசிறி சுழலும், தரையில் ஓடும்.

1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கினார். சுமார் 37 நிமிடப் பயணம். அதற்கப்புறம் பொம்மைக் கடைகளில் பிளெரியோ விமானம் வந்துவிட்டது. 1927 மே 21 அன்று லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து தனியாகப் பறந்து பாரிஸின் லெ பூர்ஜே மைதானத்தில் இறங்கியதும் இன்னொரு அலை அடித்தது. செய்தித்தாளில் வருவது சீக்கிரமே பொம்மைக் கடைக்கும் வந்துவிடும். அந்தக் காலப் பொம்மைக்காரர்களுக்கு விமானம் என்பது அன்றாட அதிசயம், அதிசயம் நன்றாக விற்கும்.

தகரப் பொம்மைக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உண்மையான விமானம் போல் இருக்காது. தகரத்தை எவ்வளவு வளைத்தாலும் ஓர் எல்லைக்கு மேல் உருவம் வராது. விளிம்பு கையை அறுக்கும். துருப்பிடிக்கும். கடலோர ஊரில் தகரப் பொம்மை ஐந்து மழைக்காலம் தாங்கினால் பெரிது. எங்கள் ஊரில் அந்தக் காலத்துத் தகர விமானம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் உப்புக்காற்றுதான் என்பது என் எண்ணம்.

துத்தநாகம் வந்தது

லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டிக் கட்டும் ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு மெக்கானோ ஆயிற்று. லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்ற தெருவில் பெரிய ஆலை. பிரான்சிலும் கிளை, பாரிஸுக்குப் பக்கத்தில் போபிஞ்ஞி என்ற ஊரில் ஆலை. 1930களில் இந்தக் கம்பெனி டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் சிறிய வார்ப்பு உலோகப் பொம்மைகளைக் கொண்டுவந்தது. கார்கள்தான் பெயர் பெற்றவை. ஆனால் 1934இலேயே ஆறு விமானங்கள் கொண்ட ஒரு பெட்டி வந்துவிட்டது. அதில் இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகள் விமானமும், தலைக்கு மேல் விசிறி சுழலும் சியர்வா ஆட்டோஜைரோவும் இருந்தன. பிரெஞ்சு ஆலை தன் பங்குக்கு பொத்தேஸ், தெவுவாத்தின் முதலான பிரெஞ்சு விமானங்களைச் செய்தது.

இவற்றைச் செய்யும் முறை தகரத்துக்கு நேர் எதிர். துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு கொஞ்சம் கலந்த உலோகம். ஜெர்மன் மொழியில் இந்த நான்கு உலோகங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸாமக்' என்று பெயர். 400 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ளினால் சில விநாடிகளில் இறுகிவிடும். அச்சைத் திறந்தால் முழு விமானம். ஜன்னல், கதவு, இயந்திரத்தின் மூடி வரை அச்சில் வந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அந்த எஃகு அச்சை வெட்டுவதற்கு மிகுந்த செலவு. ஒரு பொம்மைக்கு ஆகும் உலோகச் செலவு சொற்பம். ஆக, ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சுச் செலவு திரும்பும். ஏதோ ஒரு விமானம் என்றால் அவ்வளவு விற்காது. செய்தித்தாளில் படம் பார்த்து, பையன்கள் பேர் சொல்லிக் கேட்கும் விமானமாக இருக்க வேண்டும். அதனால்தான் டிங்கி விமானங்களின் இறக்கைக்கு அடியில் விமானத்தின் பெயர் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். பையனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்ற நோக்கத்தைவிட வியாபாரக் கணக்குதான் அதில் அதிகம். ஆனாலும் பாடம் கிடைத்தது. நான் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெரிய வார்த்தைகளில் சில, இறக்கைக்கு அடியில் படித்தவை.

துத்தநாகத்துக்கும் வியாதி உண்டு. கலவையில் துளியளவு ஈயம் சேர்ந்துவிட்டால், வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டு, உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கும். பொம்மை வீங்கும், மயிரிழை போல் வெடிப்பு விடும், கடைசியில் பிஸ்கட் போல் உதிரும். மருந்து கிடையாது. இதைத் தடுக்க 99.99 சதவீதச் சுத்தமான துத்தநாகம் வேண்டும். 1930களின் ஆலைகளில் அந்தக் கட்டுப்பாடு எப்போதும் இருக்கவில்லை, பக்கத்து மேசையில் ஈய வார்ப்பு நடந்தால் அதன் துணுக்கே போதும். இறக்கை மெல்லியது என்பதால் விமானங்களுக்குத்தான் சேதம் அதிகம். யுத்தத்துக்கு முந்தைய டிங்கி விமானம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பொத்தேஸ். இரண்டு இறக்கையும் கீழ்நோக்கித் தொங்கிவிட்டன. கையில் எடுப்பதில்லை, பஞ்சு மேல் படுத்திருக்கிறது. பிள்ளை எதுவும் தொடாமல் கண்ணாடிக்குள் வைத்திருந்தாலும் இந்த வியாதி வரும். ஆகவே 'அந்தக் காலத்துப் பொருள் என்றால் உறுதி' என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

யுத்தம்

1940இல் பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் நிதி என்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். டிங்கி கம்பெனியும் ஒரு சின்ன ஸ்பிட்ஃபயர் செய்து, கோத்துத் தொங்கவிட மேலே ஒரு வளையம் வைத்து, தனிப் பெட்டியில் அந்த நிதிக்காக விற்றது. இன்று சேகரிப்போர் தேடி அலையும் பொருள்களில் அது ஒன்று. ஆனால் கொஞ்ச நாளில் பொம்மைக்கே உலோகம் இல்லை என்றாகிவிட்டது. 1942இல் பிரிட்டனில் உலோகப் பொம்மை செய்வதைத் தடுத்துவிட்டார்கள். ஆலை யுத்த வேலைக்குப் போயிற்று. துத்தநாகத்துக்கு வேறு தேவை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மரமும் அட்டையும்தான்.

யுத்தம் முடிந்த புதிதில் பிரான்சில் ரப்பர் தட்டுப்பாடு. டிங்கி கார்களுக்கு டயர் இல்லாமல் உலோகச் சக்கரத்தையே போட்டு விற்றார்கள். அப்படி ஒரு காரைக் கையில் எடுத்தால் அந்த வருடத்து ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வருமளவு வெறுமையாக இருக்கும்.

தோற்ற நாடான ஜப்பானில் நடந்தது இன்னும் விசேஷம். 1945 டிசம்பரில், சரணடைந்து நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, கியோட்டோ நகரக் கடையில் ஒரு பொம்மை விற்பனைக்கு வந்தது. அமெரிக்கப் படையின் ஜீப்! அந்தப் படை தின்றுவிட்டு எறிந்த உணவு டப்பாக்களின் தகரத்தை நிமிர்த்திச் செய்தது. எதிரியின் குப்பையில் எதிரியின் வண்டி. அங்கிருந்து ஜப்பானியப் பொம்மைத் தொழில் மீண்டும் எழுந்தது. அமெரிக்க ஆட்சி 1952 ஏப்ரலில் முடியும் வரை ஏற்றுமதிப் பொம்மைகளின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். 1950களில் பான் அமெரிக்கன் கம்பெனியின் பெரிய பெரிய தகர விமானங்கள் அங்கிருந்துதான் வந்தன. பாட்டரி போட்டால் நான்கு விசிறியும் சுழலும், விளக்கு எரியும். நூரம்பர்க்கின் தொழில் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தது.

கரவெல், மிஸ்தேர், புதுச்சேரி

இனி எங்கள் ஊர்க்கதைக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்திய அரசிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை நான். பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் தமிழ். வீட்டில் ஏரோப்பிளான் என்ற சொல்லே கிடையாது, 'அவியோன்' என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களுக்குச் 'சொல்தா' என்று பெயர். தெருவுக்கு இரண்டு சொல்தா வீடு இருக்கும். சைகோன், அல்ஜீரியா என்று போய்விட்டு விடுமுறையில் வருவார்கள். டிரங்குப் பெட்டி திறக்கும்போது தெருப்பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிடுவோம்.

என் சித்தப்பாவும் சொல்தா. அவர் கொண்டுவந்த டிங்கி விமானம்தான் நான் பார்த்த முதல் டிங்கி. மிஸ்தேர், வெள்ளி நிறப் போர் விமானம், உள்ளங்கை அளவு. 1950களின் பிற்பகுதியில் போபிஞ்ஞி ஆலை ஒரு புதிய வரிசை விமானங்களைக் கொண்டுவந்தது: மிஸ்தேர், வோத்தூர், சூப்பர் கான்ஸ்டலேஷன், சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர், வைகவுண்ட், கடைசியாகக் கரவெல். இந்தக் கரவெல் பிரான்சின் பெருமை. இரண்டு ஜெட் இயந்திரத்தையும் இறக்கையில் தொங்கவிடாமல் வால் பக்கத்தில் பொருத்திய முதல் பயணிகள் விமானம். 1955 மே 27 அன்று முதலில் பறந்து, 1959இல் ஏர் பிரான்ஸ் சேவைக்கு வந்தது. அதே 1959இல் பொம்மையும் வந்துவிட்டது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, கையில் வைத்தால் நல்ல கனம்.

எங்கள் வீட்டு மிஸ்தேர் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு ஒரு மணி நேரம் கைக்கு வரும், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் நாங்கள் விளையாடியது பனையோலைக் காற்றாடி, பம்பரம், மாசிமகத் தீர்த்தவாரியில் வைத்திக்குப்பம் கடற்கரைக் கடைகளில் வாங்கிய தகரப் படகு, ஊதல். ஒரு பொம்மையைக் காக்க ஒரு குடும்பமே முனைந்த காலம் அது. அதற்குக் காரணம் பொம்மையின் அருமை மட்டும் இல்லை, இன்னொன்று வாங்க வழி இல்லை என்பதும்தான். எங்கள் தெருவில் பெரும்பாலான பிள்ளைகள் டிங்கியைப் பார்த்தார்கள், தொட்டதில்லை. பழைய பொம்மைகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பொம்மைக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருந்த தூரம் எங்களுக்கு ரொம்பக் குறைவு. மிஸ்தேரைச் செய்த அதே தசோ கம்பெனியின் ஊராகன் விமானங்களை இந்திய விமானப்படை 1953இல் வாங்கி 'தூஃபானி' என்று பெயரிட்டது. அப்புறம் 1957இல் மிஸ்தேரும் வந்தது. 1965 செப்டம்பர் யுத்தத்தின்போது நான் பள்ளி மாணவன். வானொலியில் மிஸ்தேர் என்ற பெயரைக் கேட்டபோது எனக்குத் தெரிந்த மிஸ்தேர் பீரோ மேல் இருந்தது. செப்டம்பர் 7 அன்று சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் போன மிஸ்தேர்களில் ஒன்று திரும்பவில்லை. அதன் விமானி, குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, தன்னைவிட வேகமான ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை வீழ்த்திவிட்டுத்தான் இறந்தார் என்பது பல வருடம் கழித்தே வெளியே தெரிந்தது. 1988இல் அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். அந்தப் பொம்மையை இன்று துடைக்கும்போது இதுவும் நினைவுக்கு வருகிறது. போர் விமானம் என்றால் என்ன என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கரவெல் கதை சந்தோஷமானது. 1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ் கரவெல் விமானங்களை வாங்கிற்று. எங்கள் வகுப்பில் ஏர் பிரான்ஸ் படத்தைப் பார்த்திருந்த பையன்களுக்கு, அதே முக்கோண ஜன்னல் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது என்பது பெரிய செய்தி.

பிளாஸ்டிக்கும் பூட்டிய ஆலைகளும்

1953இல் ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு ஸ்பிட்ஃபயரை விற்கத் தொடங்கிற்று. பிள்ளையே பசை போட்டு ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். விலை 2 ஷில்லிங். உலோக வார்ப்பில் வராத நுணுக்கமெல்லாம் பிளாஸ்டிக்கில் வந்தது, எடை குறைவு, அனுப்பும் செலவு குறைவு. ஆனால் ஒட்டி முடித்த விமானத்தோடு விளையாட முடியாது, கீழே விழுந்தால் சக்கரம் போய்விடும். பொம்மை அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கட்டிப் பார்த்து அலமாரியில் வைப்பதற்கு, இன்னொன்று போட்டு உடைப்பதற்கு. டிங்கி விமானம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது.

1968இல் அமெரிக்காவிலிருந்து ஹாட் வீல்ஸ் வந்தது. அதிவேகமாக உருளும் சக்கரம். டிங்கி தடுமாறிற்று. பிரெஞ்சு டிங்கியின் கதை 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மெக்கானோவின் தாய்க் கம்பெனி 1971இல் விழுந்தது, மெக்கானோவை வாங்கியது யார் தெரியுமா? பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் செய்த ஏர்ஃபிக்ஸ். 1979 நவம்பரில் பின்ஸ் ரோடு ஆலையை மூடினார்கள். இரண்டு வருடம் தாங்காமல் 1981இல் ஏர்ஃபிக்ஸும் திவாலாயிற்று. உலோகத்தைத் தோற்கடித்த பிளாஸ்டிக்கும் அதே குழியில் விழுந்தது. பெயர்கள் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றும் பெட்டிகளின் மேல் வருகின்றன.

இடையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. தேய்ந்த, பழைய ஆங்கில டிங்கி அச்சுகளைக் கல்கத்தாவில் ஒரு கம்பெனி வாங்கி, 1960களின் இறுதியிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் பொம்மை செய்தது. கார்கள்தான் அதிகம், காமெட் பயணிகள் விமானம் போன்ற சில விமானங்களும் உண்டு. அடியில் டிங்கி என்ற எழுத்தை அழித்து நிக்கி என்று வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் பழைய எழுத்தின் தழும்பு தெரியும். அச்சு தேய்ந்ததால் விளிம்பெல்லாம் மழுங்கல், வண்ணம் திட்டுத்திட்டாக. ஆங்கிலேயச் சேகரிப்போர் அதைப் பார்த்துச் சிரித்த காலம் உண்டு. இப்போது அவர்களே தேடுகிறார்கள். எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். வெளிநாட்டில் உறவினர் இல்லாத பிள்ளையின் கையிலும் ஒரு காமெட் விமானம் வந்தது அதனால்தான்.

இன்றைக்கு

இப்போது கடையில் இருக்கும் பொம்மை விமானத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பெயர் இல்லை, எந்த விமானமும் போல் இல்லை, பட்டனை அழுத்தினால் பாட்டுப் பாடுகிறது என்று. உண்மைதான். ஆனால் அதன் விளிம்பு கையை அறுக்காது. வண்ணத்தில் ஈயம் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறை. நான் சேகரித்து வைத்திருக்கும் 38 விமானங்களில் ஒன்றுகூட இந்தச் சோதனையில் தேறும் என்று நினைக்கவில்லை. நாங்கள் அவற்றை வாயில் வைத்துக் கடித்திருக்கிறோம். பேரப்பிள்ளைகள் வந்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விமானமே இன்று அதிசயம் இல்லை. பிள்ளைகள் அதில் ஏறித் தூங்கிவிடுகிறார்கள். பிளெரியோவும் கரவெலும் பேர் சொல்லிக் கேட்கப்பட்ட பொம்மைகள் என்றால், அவை தினசரிச் செய்தியாக இருந்ததுதான் காரணம். இன்றைய பிள்ளை பேர் சொல்லிக் கேட்பது வேறு பொருளை. மங்கள்யானையும் சந்திரயானையும் கேட்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பேர் உள்ள, உலோகத்தில் வார்த்த விமானங்கள் இன்றும் செய்யப்படுகின்றன, ஆனால் பெரியவர்களுக்கு. பழைய பிரெஞ்சு டிங்கி மாதிரிகளைக்கூட அப்படியே நகலெடுத்துச் சீனாவில் செய்து, சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒன்றாக அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்காமல் வைத்தால்தான் மதிப்பு. சேகரிப்போர் சந்தையின் விதி இதுதான்: பெட்டி இருந்தால் பல மடங்கு விலை, கீறல் இருந்தால் பாதி, மறு வண்ணம் பூசியிருந்தால் யாரும் சீண்டமாட்டார்கள். அதாவது எந்தப் பிள்ளையும் விளையாடாத பொம்மைக்குத்தான் உயர்ந்த விலை. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை, வசதியும் இல்லை. ஆகவே சக்கரம் போனது, மூக்கு தேய்ந்தது, இறக்கையில் பென்சிலால் பெயர் எழுதியது என்று வாங்குகிறேன். அப்படி ஒரு வைகவுண்டின் அடியில் பிள்ளைக் கையெழுத்தில் ஒரு பெயரும், அதன் கீழ் வேறு கையெழுத்தில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டியோடு இருக்கும் வைகவுண்டில் இந்தத் தகவல் கிடைக்காது.

கடைசியாக, புதுச்சேரி, காரைக்கால் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடுகள் விற்கப்பட்டு இடிபடுகின்றன. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகள் எடைக்குப் போகின்றன. துத்தநாகத்துக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைப்பது அற்பக் காசு. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது அகப்பட்டால் நான்கு காரியம் செய்யுங்கள். வண்ணம் பூசாதீர்கள். சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஈரம் படாத இடத்தில், வெடிப்பு விட்டதைத் தனியாக வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு துண்டுக் காகிதத்தில் இதை யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தார், யார் யார் விளையாடினார்கள் என்று எழுதிப் பக்கத்தில் வையுங்கள். உலோகம் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் காகிதத்தை எழுதக்கூடியவர்கள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.